பந்திக்குப் பக்கத்தில் ஒரு மேஜை

(தில்லிவாழ் தமிழர்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தில்லியில் பசி" என்று இந்தக் கூட்டத்துக்குத் தலைப்புக் கொடுத்ததும் ஒரு நண்பர் கேட்டார்: "தில்லியிலா? எந்தத் தெருவுக்குப் போனாலும் யாராவது பூரி-சப்ஜி கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்?" நியாயமான கேள்விதான். இன்றைக்கு நான் பேசப்போவது முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்.

2018 ஜூலையில் கிழக்குத் தில்லியின் மண்டாவலியில் எட்டு, நான்கு, இரண்டு வயதில் இருந்த மூன்று சகோதரிகள் ஒரே நாளில் இறந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் அந்தப் பிள்ளைகளின் வயிற்றில் உணவின் சுவடே இல்லை. அப்பா ரிக்‌ஷா ஓட்டுபவர். வாடகை கொடுக்க முடியாமல் இருந்த இடத்தைக் காலி செய்துவிட்டு, தெரிந்தவர் ஒருவரின் அறையில் குடும்பம் ஒண்டிக்கொண்டிருந்தது. ரேஷன் கார்டு கிடையாது.

மண்டாவலியிலிருந்து சில கிலோமீட்டரில் காஜிப்பூர் இருக்கிறது. அங்கே காய்கறி மண்டி உண்டு. அதன் பக்கத்திலேயே குதுப் மினாரோடு உயரத்தில் போட்டி போட்ட குப்பை மலையும் உண்டு. அந்த மலையில் கணிசமான பங்கு சாப்பாட்டுக் கழிவு. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. நாட்டிலேயே தனிநபர் வருமானம் மிக அதிகமான இடங்களில் தில்லியும் ஒன்று. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஒரு வாரப் பட்டினியில் இப்படி ஆகாது. கருவில் இருக்கும்போதே தொடங்கி வருடக்கணக்கில் அரைவயிறும் கால்வயிறுமாக, அடிக்கடி நோய்வாய்ப்பட்டு வளர்கிற பிள்ளைக்குத்தான் இப்படி ஆகும்.

ஆக, தில்லியில் தானியத்துக்குப் பஞ்சமில்லை. கொடுக்கிற மனசுக்கும் பஞ்சமில்லை. அப்படியும் சோறு வாய்க்கு வந்து சேராமல் இடையில் மூன்று தடைகள் நிற்கின்றன. ஒன்று நேரம், இன்னொன்று தூரம், மூன்றாவது காகிதம். முதல் இரண்டை உணவு வங்கிகளும் தன்னார்வலர்களும் நன்றாகவே தாண்டக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவதில்தான் நாம் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். இதுதான் நான் சொல்ல வந்தது.

உணவு வங்கி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1967-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரில், ஜான் வான் ஹெங்கல் என்பவர் செயின்ட் மேரீஸ் உணவு வங்கியைத் தொடங்கினார். கடைகள் விற்க முடியாமல் ஒதுக்கிய, ஆனால் கெட்டுப்போகாத பொருள்களை ஓரிடத்தில் சேர்த்து, ஏழைகளுக்குச் சாப்பாடு போடுகிற அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுப்பது அவருடைய ஏற்பாடு. உலகின் முதல் உணவு வங்கி என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன்பு, 1867 மே 23 அன்று, வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

இரண்டும் ஒன்றல்ல. தருமச்சாலை, பசித்து வந்தவருக்கு நேராக இலை போடுகிறது. உணவு வங்கி பெரும்பாலும் இலை போடுவதில்லை. இலை போடுகிறவருக்குப் பின்னால் நிற்கிறது. ஓர் அனாதை இல்லத்துக்கு மாதம் எவ்வளவு பருப்பு வேண்டும், ஒரு முதியோர் இல்லத்துக்கு எவ்வளவு ஆட்டா வேண்டும், எந்த ஆலையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் கொண்டுசேர்ப்பது அதன் வேலை. தருமச்சாலைக்கு முதலில் வேண்டியது கருணை. உணவு வங்கிக்குக் கருணையோடு ஒரு லாரியும், ஒரு கிடங்கும், ஒழுங்கான பேரேடும் வேண்டும்.

இந்த இரண்டாவது வகையில் தில்லிக்குப் பழக்கம் குறைவு. முதல் வகையில் நிறைய. பங்களா சாகிப் குருத்வாராவுக்கு நீங்கள் எல்லோரும் போயிருப்பீர்கள். 1664-இல் சீக்கியர்களின் எட்டாவது குரு ஹர் கிஷன் தில்லியில் தங்கியிருந்த மாளிகை அது. ஊரில் கொள்ளைநோய் பரவியபோது அங்கிருந்துதான் அவர் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். இன்றைக்கும் அங்கே லங்கர் என்கிற பொதுப் பந்தி நிற்பதில்லை. அமைச்சராக இருந்தாலும் ஆட்டோ ஓட்டுபவராக இருந்தாலும் ஒரே விரிப்பில், ஒரே வரிசையில் உட்கார வேண்டும். வெங்காயம் உரிப்பவர், ரொட்டி தேய்ப்பவர், தட்டு கழுவுபவர், வாசலில் செருப்பு வாங்கி வைப்பவர் என்று பெரும்பாலோர் சேவைக்கு வந்தவர்கள். கூப்பிட்டுச் சொல்ல ஆள் இல்லாமலே வேலை நடக்கிறது. உலகத்தில் எந்த உணவு வங்கி நடத்துபவரும் வந்து பாடம் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் அது.

அடுத்தது பண்டாரா என்கிற அன்னதானம். செவ்வாய்க்கிழமை யமுனா பஜார் அனுமார் கோயில் பக்கம் போய்ப் பாருங்கள். காரில் வந்து இறங்கிப் பூரியும் அல்வாவும் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருப்பார்கள். அங்கே வீடில்லாமல் இருக்கிறவர் கையில் ஒரே மணி நேரத்தில் நான்கு பொட்டலம் சேர்ந்துவிடும். நான்கையும் அவர் எங்கே வைத்துக்கொள்வார்? புதன்கிழமை காலைக்குள் பாதி கெட்டுவிடும். வியாழக்கிழமை மத்தியானம் அதே இடத்தில் அதே ஆள் யார் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஜேஷ்ட மாதத்துச் செவ்வாயிலும் நவராத்திரியிலும் வழிகிற புண்ணியம், மற்ற நாட்களில் வற்றிவிடுகிறது. கொடுப்பவரின் பஞ்சாங்கமும் பசியின் பஞ்சாங்கமும் வேறுவேறு. நண்பரின் கேள்விக்கு முதல் பதில் இது.

இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யத்தான் உணவு வங்கி. இந்திய உணவு வங்கி வலையமைப்பு உருவானபோது தில்லி உணவு வங்கியில்தான் தொடங்கினார்கள். நிறுவனங்களிடமிருந்தும் தனியாரிடமிருந்தும் மாவு, அரிசி, பருப்பு, எண்ணெய் என்று கெடாத பொருள்களைத் திரட்டி, குழந்தைகள் இல்லங்கள், சிறப்புப் பள்ளிகள், தங்கும் விடுதிகள் போன்றவற்றுக்கு மாதாமாதம் அனுப்புவது அந்த முறை. மாதாமாதம் என்கிற சொல்லைக் கவனியுங்கள். வந்தால் வரும், வராவிட்டால் இல்லை என்கிற தானத்தை நம்பி எந்த விடுதியும் அடுத்த மாதச் சமையலைத் திட்டமிட முடியாது. அரிசி வந்துவிடும் என்று உறுதியாகத் தெரிந்தால்தான், கையில் இருக்கிற காசை முட்டைக்கும் பாலுக்கும் செலவு செய்யத் துணிவார்கள்.

கிடங்கில் தன்னார்வலர் செய்யும் வேலையில் புகைப்படத்துக்கு ஏற்றதாக ஒன்றுமிருக்காது. வந்த மூட்டைகளை இறக்க வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்திலும் காலாவதித் தேதியைப் பார்த்து, முதலில் முடியப்போவதை முன்னால் அடுக்க வேண்டும். ஓரம் கிழிந்த ஆட்டாப் பையில் வண்டு இருக்கிறதா என்று முகர்ந்தும் தடவியும் பார்க்க வேண்டும். ஒழுகுகிற எண்ணெய்ப் பாக்கெட்டைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். சந்தேகமானால் தூக்கிப் போட வேண்டும். "ஏழைதானே, சாப்பிட்டுக்கொள்வார்" என்ற எண்ணம் தலைகாட்டினால் அந்த ஆளைக் கிடங்கிலிருந்து வெளியே அனுப்பிவிட வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குவதை வேறொரு வீட்டுப் பிள்ளைக்கு அனுப்பக் கூடாது. இந்த வேலையின் முதல் விதி அது.

இரண்டாவது வழி, சமைத்து மிஞ்சியதைக் கொண்டுசேர்ப்பது. அங்கித் கவாத்ரா 2014-இல் தொடங்கிய ஃபீடிங் இந்தியா அமைப்புக்கு, கல்யாண வீடுகளில் கொட்டப்படுகிற சாப்பாடுதான் தூண்டுதல். 2019-இல் அது சொமேட்டோ நிறுவனத்தோடு இணைந்தது. அதே 2014 ஆகஸ்டில் நீல் கோஷ், ஆனந்த் சின்ஹா ஆகியோர் நண்பர்களுடன் சேர்ந்து ராபின் ஹுட் ஆர்மியைத் தொடங்கினார்கள். போர்ச்சுகலில் ரீஃபுட் என்ற அமைப்பு உணவகங்களில் மிஞ்சியதைச் சேகரித்துக் கொடுப்பதைப் பார்த்து வந்த யோசனை அது. ஹௌஸ் காஸ் பகுதியில் முதல் இரவு ஏறக்குறைய 150 பேருக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். பணமாக யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை என்பது அவர்களுடைய விதி. காசு கொடுக்க விரும்புகிறவரிடம் "உங்கள் நேரத்தைக் கொடுங்கள்" என்கிறார்கள். நம் கோயம்புத்தூரிலும் அதே 2014-இல்தான் பத்மநாபன் கோபாலன் 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பைத் தொடங்கினார்.

இந்த வேலையின் நுட்பத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். நம்மூர்க் கல்யாணத்தில் முக்கியப் பந்தி மத்தியானம். இரண்டு மணிக்கு மிச்சம் தெரிந்துவிடும். அண்டாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து இல்லத்துக்குப் போனால் மூன்று மணிக்குள் பரிமாறிவிடலாம். தில்லிக் கல்யாணம் அப்படியில்லை. சத்தர்பூர்ப் பண்ணை வீட்டில் பாராத் என்கிற மாப்பிள்ளை ஊர்வலம் வந்து சேரவே பதினொரு மணி ஆகும். விருந்து முடிய ஒரு மணி. அதற்குப் பிறகுதான் தன்னார்வலருக்குத் தொலைபேசி வரும்: "இருநூறு பேருக்கு மிச்சமிருக்கிறது, வருகிறீர்களா?"

அந்த நேரத்தில் "இதோ வந்தேன்" என்று கிளம்புகிறவர் புதியவர். பழகியவர் முதலில் கேள்வி கேட்பார். எத்தனை மணிக்குச் சமைத்தது? இப்போது அடுப்பில் சூடாக இருக்கிறதா, மேஜையில் திறந்து கிடக்கிறதா? சைவமா, அசைவமா? யாராவது எச்சில் கரண்டி போட்டிருக்க வாய்ப்புண்டா? பாத்திரம் யாருடையது? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். பாதி முயற்சிகள் அதில்தான் நின்றுபோகும். சமையல்காரருக்கு விடிவதற்குள் தன் பத்தீலாப் பாத்திரங்கள் திரும்ப வேண்டும். அடுத்த முகூர்த்தம் காத்திருக்கிறது. ஆகவே மாற்றி எடுத்துவர மூடிபோட்ட பாத்திரங்களோடுதான் வண்டி போக வேண்டும்.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதும் அனுபவம். பருப்பு, சாதம், பூரி, உலர்ந்த சப்ஜி எடுக்கலாம். நறுக்கிய பழம், சாலட், ராய்தா, பச்சைச் சட்னி வேண்டாம். பனீர் கறியை மோந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் நடுவில் இருக்கிற சமைத்த உணவில் கிருமி வேகமாகப் பெருகும். டிசம்பர் இரவில் தில்லி கொஞ்சம் கருணை காட்டும். மே மாதத்தில் நாற்பத்தைந்து டிகிரியில் இரண்டு மணி நேரம் தாமதித்தால் சோறு விஷமாகிவிடும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே 2019-இல் மிஞ்சிய உணவு மீட்பு விதிமுறைகளை அறிவித்து, 2020 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கொடுப்பவருக்கும் எடுத்துச் செல்பவருக்கும் பொறுப்பு உண்டு, கணக்கு எழுத வேண்டும் என்று அவை சொல்கின்றன. அன்னதானத்துக்கு எதற்குச் சட்டம் என்று கேட்காதீர்கள். இலவசமாகக் கொடுத்த சோற்றாலும் வாந்திபேதி வரும்.

சரி, இரவு ஒன்றரை மணிக்குச் சாப்பாடு கையில் வந்துவிட்டது. யாருக்குக் கொடுப்பது? ரேன் பசேரா என்கிற இரவுத் தங்குமிடங்களில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நடைபாதையில் போர்வைக்குள் சுருண்டிருப்பவரை எழுப்பிச் சோறு கொடுப்பது அன்பா, தொல்லையா? இரவு முழுவதும் விழித்திருக்கிற இடம் எது என்று அனுபவசாலிகளுக்குத் தெரியும். மண்டியில் மூட்டை இறக்குகிறவர்கள் விழித்திருப்பார்கள். எய்ம்ஸ் வாசலிலும் விழித்திருப்பார்கள்.

எய்ம்ஸ் வெளிச்சுவரை ஒட்டிய நடைபாதையைப் பகலில் காரில் கடந்திருப்பீர்கள். இரவில் இறங்கி நடந்து பாருங்கள். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் நோயாளியோடு வந்த குடும்பங்கள் பாலித்தீன் விரித்துப் படுத்திருக்கும். தலைக்கடியில் எக்ஸ்ரே உறை, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் கேன். பரிசோதனைக்குத் தேதி கிடைக்கும்வரை அங்கேயேதான் வாசம். இவர்களில் பலர் ஊரில் நிலம் உள்ளவர்கள், கையேந்திப் பழகாதவர்கள். வேன் வந்து நின்றதும் முதலில் எழுந்து வர மாட்டார்கள். தன்னார்வலர் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, "சாச்சாஜி, எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்று கேட்டால்தான் டிபன் பாத்திரத்தைத் திறப்பார்கள். "மூன்று பேர் பேட்டா, ஒருத்தி உள்ளே வார்டில் இருக்கிறாள், அவளோடு கூட இருக்கிற பையனுக்கும் வேண்டும்" என்பார் பெரியவர். அந்த நான்காவது பங்கையும் கேள்வி கேட்காமல் போட்டுவிட வேண்டும். கணக்குச் சரிபார்க்கிற இடம் கிடங்கு. நடைபாதையில் நம்பிக்கை போதும்.

நல்ல குழுக்கள் அங்கே படம் எடுப்பதில்லை. கையில் தட்டோடு ஒரு தகப்பன் தன் மகள் முன்னால் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய அவசியம் என்ன? முழநீளப் பேனரின் கீழ் நின்று வாழைப்பழம் கொடுக்கிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவர்களுக்கும் வாங்கியவருக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது வாங்கியவருக்குத் தெரியும்.

இதுவரை சொன்னது நேரமும் தூரமும். இனி காகிதம்.

2020 மார்ச் 24 இரவு பொதுமுடக்கம் அறிவித்தார்கள். நான்கு நாள் கழித்து ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் திரண்ட கூட்டத்தை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. தினக்கூலி நின்றதும் தில்லியின் உழைப்பாளிக் குடும்பங்களின் கையிருப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று அன்றைக்குத் தெரிந்துபோனது. அரசு, பள்ளிகளில் சமைத்த உணவு கொடுத்தது. குருத்வாராக்களின் அடுப்புகள் ஓயவில்லை. கூஞ்ச் போன்ற அமைப்புகளும், குடியிருப்போர் சங்கங்களும், பெயரே இல்லாத வாட்ஸப் குழுக்களும் மூட்டை மூட்டையாக மளிகை அனுப்பின. தில்லியின் தன்னார்வலர் படை தன் பலத்தை முழுதாகக் கண்டுகொண்டது அப்போதுதான்.

அதோடு வேறொன்றும் வெளியே வந்தது. கார்டு இல்லாதவர்களுக்கும் தானியம் உண்டு என்று தில்லி அரசு அறிவித்தது: ஆளுக்கு நான்கு கிலோ கோதுமை, ஒரு கிலோ அரிசி. அதை வாங்க இணையத்தில் மின்-கூப்பனுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஸ்மார்ட்போன் வேண்டும், ஆதார் வேண்டும், ஓ.டி.பி. வர ரீசார்ஜ் செய்த சிம் வேண்டும். வேலை போய் ரீசார்ஜுக்குக் காசில்லாமல்தானே அவர் பட்டினி கிடக்கிறார்? அந்த நாட்களில் பல தன்னார்வலர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தார்கள். குடிசை குடிசையாகப் போய் மற்றவர்களுக்காக விண்ணப்பம் நிரப்பினார்கள். ஒரு பொட்டலம் சாப்பாடு ஒரு வேளைக்கு. ஒரு கூப்பன் கிடைத்தால் ஒரு மாதத்துக்கு. கார்டே கிடைத்துவிட்டால் வருடக்கணக்குக்கு. உணவு வங்கிக்காரர்கள் அந்த வருடம் கற்றுக்கொண்ட பெரிய பாடம் இதுதான் என்பேன்.

தில்லியில் கார்டு கிடைப்பது ஏன் இத்தனை கஷ்டம்? 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர் என்று ஓர் உச்சவரம்பு வைத்தது. தில்லிக்கு ஏறக்குறைய 73 லட்சம் பேர். கணக்குக்கு எடுத்துக்கொண்டது 2011 மக்கள்தொகை. அப்போது தில்லியில் 1 கோடியே 68 லட்சம் பேர். இப்போது இரண்டு கோடிக்கு மேல். வரம்பு மட்டும் நகரவில்லை. இடம் நிரம்பிவிட்டதால், தகுதி இருந்தும் விண்ணப்பங்கள் வருடக்கணக்கில் கிடப்பில் கிடந்தன. அதற்கு மேல் முகவரிச் சான்று, மின்கட்டண ரசீது, வருமானச் சான்று. வாடகைக்கு இருக்கிறவருக்கு எந்த வீட்டுக்காரர் எழுதிக் கொடுப்பார்?

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது புரியச் சற்று நேரம் ஆகும். அங்கே பொது விநியோகம் எல்லோருக்கும் பொது. 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். துவரம்பருப்பும் பாமாயிலும் சலுகை விலையில் கிடைக்கும். வறுமைக்கோட்டுக்கு மேலா, கீழா என்று வாசலில் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. யாரையும் நிறுத்தாத கதவில் ஏழை தடுக்கி விழுவது குறைவு. தில்லிக் கதவில் தகுதி பார்க்கிறார்கள். ரேஷனில் கிடைப்பதும் பெரும்பாலும் தானியம் மட்டுமே. பருப்புக்கும் எண்ணெய்க்கும் வெளிச்சந்தைதான். உணவு வங்கியின் மளிகைப் பையில் பருப்பும் எண்ணெயும் இருந்தே தீர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

நமக்கு மிக அருகில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் இருந்த மதராசி கேம்ப்பை இந்த அவையில் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அங்கே பல பத்தாண்டுகளாக வாழ்ந்தார்கள். தெற்குத் தில்லி வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர்கள், சமைத்தவர்கள் அவர்கள். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று அது இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்றார்கள். அந்த வீடும் நரேலாவில், நகரத்தின் வட கோடியில். மீதிக் குடும்பங்களிடம் இருந்த காகிதம் போதவில்லை. வீடு இருந்தால்தான் முகவரி. முகவரி இருந்தால்தான் கார்டு. வேலை இருந்தால்தான் அடுப்பு. ஒரே நாளில் மூன்றும் ஆட்டம் கண்டன. மளிகைப் பையோடு ஓடிப்போய் நிற்பது தேவைதான். அதோடு வேலை முடிந்துவிடாது.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. சோற்று வரிசையில் நிற்கிறவரிடம் "ராஷன் கார்டு இருக்கிறதா?" என்று கேட்டால் பாதிப் பேர் "ஊரில் இருக்கிறது" என்பார்கள். ஊரில் இருக்கிற கார்டு இங்கேயும் செல்லும். ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டம் என்று அதற்குப் பெயர். புலம்பெயர் தொழிலாளர் வழக்கில் 2021 ஜூன் 29 அன்று உச்சநீதிமன்றம் கெடு வைத்த பிறகு, அந்த ஜூலையிலேயே தில்லியில் அது நடைமுறைக்கு வந்தது. கார்டை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. எண்ணும் ஆதாரும் போதும். தன் பங்கை மட்டும் இங்கே வாங்கிக்கொண்டு, குடும்பத்தின் மீதிப் பங்கை ஊரிலேயே விட்டுவைக்கலாம். கடைக்காரர் "வெளியூர்க் கார்டு எடுக்காது" என்று விரட்டினால், கூடவே ஒருவர் போய் நின்றால் எடுக்கும். தமிழ்நாட்டுக் கார்டு வைத்திருப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். அல்லது பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்று இருந்தால் இங்கே தானியம் வாங்கலாம். என்.பி.எச்.எச். என்று இருந்தால் முடியாது. அது மாநில அரசின் தனிப் பட்டியல்.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அங்கன்வாடியில் சத்துணவு சட்டப்படி உரிமை. அதற்கு ரேஷன் கார்டே தேவையில்லை. மண்டாவலிக் குழந்தைகளின் வயதை நினைத்துக்கொள்ளுங்கள். மூவரில் இருவர் அங்கன்வாடிக்குப் போயிருக்க வேண்டிய வயது. மூத்தவளுக்குப் பள்ளி மதிய உணவு உண்டு. அந்தக் குடும்பம் நகரத்தின் பட்டியல்களுக்கு இடையே நழுவியிருந்தது. எந்தத் தன்னார்வலரின் கண்ணிலும் படாமல் போனது.

உணவு வங்கிகள் அரசை அதன் கடமையிலிருந்து விடுவிக்கின்றன என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. மேலைநாடுகளில் பல பத்தாண்டுகளாக இந்த விவாதம் நடக்கிறது. தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கியவை அங்கே நிரந்தரமாகிவிட்டன, வரிசை குறையவில்லை. குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்றிரவு பசித்திருப்பவரிடம் "கொள்கை மாறும், காத்திரு" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? சோறும் போட வேண்டும், கார்டும் வாங்கித் தர வேண்டும். இரண்டையும் ஒரே ஆள், ஒரே இடத்தில், ஒரே மாலையில் செய்ய முடியும்.

எப்படி என்று சொல்லி முடிக்கிறேன். தில்லித் தமிழர்கள் அன்னதானத்தில் சளைத்தவர்கள் அல்ல. மலை மந்திரிலும் மற்றக் கோயில்களிலும் விழாக்காலப் பந்திகளை நாமே நடத்துகிறோம். நம்மிடம் செயலகத்தில் ஆயுள் முழுவதும் கோப்புப் பார்த்து ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். எந்த விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்பது அவர்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். இந்தியும் தமிழும் ஒருசேரப் பேசுகிற கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இனி நீங்கள் நடத்துகிற ஒவ்வொரு அன்னதானப் பந்திக்குப் பக்கத்திலும் ஒரு மேஜை போடுங்கள். அதில் ஓர் ஓய்வுபெற்றவரும் ஒரு கல்லூரி மாணவரும் உட்காரட்டும். சாப்பிட்டு எழுந்தவரிடம், கை கழுவியபின், மரியாதையாக மூன்று கேள்வி கேட்கட்டும்: கார்டு இருக்கிறதா, எந்த ஊர்? வீட்டில் ஆறு வயதுக்குள் பிள்ளை உண்டா? பள்ளிக்குப் போகாத பிள்ளை உண்டா? பதிலை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த வாரம் அவரோடு ரேஷன் கடைக்கோ அங்கன்வாடிக்கோ ஒரு நடை போய் வரட்டும். மறுத்தால் மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலருக்கு மனு எழுதட்டும். அந்தப் பதவியே 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்ததுதான். செவ்வாய்க்கிழமைப் பண்டாராவை வியாழனுக்கு மாற்ற முடியுமா என்று பக்கத்துக் கோயில்காரர்களோடு பேசிப் பாருங்கள். கல்யாணம் வைத்திருக்கிறவர்கள், மிஞ்சிய உணவை எடுத்துச் செல்லும் குழுவின் எண்ணை முகூர்த்தத்துக்கு முந்தின நாளே சமையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

வருடம் முடிந்ததும் எத்தனை ஆயிரம் இலை போட்டோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுவோம். அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுத வேண்டும்: எத்தனை குடும்பங்களுக்கு ரேஷன் வாங்கித் தந்தோம், எத்தனை பிள்ளைகளை அங்கன்வாடியில் சேர்த்தோம். அடுத்த ஆண்டு உங்களைச் சந்திக்க வாய்ப்பு வந்தால், அந்த இரண்டாவது வரியைத்தான் நான் கேட்பேன்.